முறுமுறுக்காத டிசம்பர்

சிநேகிதிகளே,

டிசம்பர் பிறந்ததும் நம் குழுவில் தினம் ஒரு நன்றி எழுத வேண்டும் என்று முடிவானது. நீங்களும் விடாமல் எழுதுகிறீர்கள். பேரன் பரீட்சையில் தேறியதற்கு, முட்டி வலி குறைந்ததற்கு, துபாயிலிருந்து மகள் கூப்பிட்டதற்கு, கேக் கருகாமல் வந்ததற்கு. எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. சாமி மேல் என்ன கோபம் என்று நேற்று உங்களில் ஒருத்தி கேட்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. இந்த விளையாட்டை ஒன்பது வயதிலேயே ஆடி முடித்துவிட்டேன், அவ்வளவுதான். அதை முழுக்கச் சொன்னால்தான் புரியும். பலகாரம் சுடுகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் பண்டிகை முடிந்து படியுங்கள். நான் எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டேன்.

நாங்கள் இருந்தது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். தெரு முழுக்கத் தறி. எங்கள் வீட்டிலும் தறிதான், ஆனால் சுவரில் இயேசு படம். அந்தத் தெருவில் அப்படி ஒரே வீடு எங்களுடையது. மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தால் அம்மா தன் ஜெபத்தை இன்னும் உரக்கச் செய்வாள். "உன் சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது, மெதுவா பேசும்மா" என்பார் அப்பா. அப்பாவும் விசுவாசிதான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருவார், ஆனால் பிரசங்கத்தில் பாதி தூங்குவார். ஆறு நாள் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்காருகிற மனிதர் ஏழாம் நாள் பெஞ்சில் சாய்ந்தால் வேறு என்ன செய்வார்?

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் வருவது மிக மோசமான நேரத்தில். தை மாதக் கல்யாணச் சேலைகளுக்குக் கடைக்காரர்கள் கழுத்தை நெரிப்பது அப்போதுதான். மழையும் விடாமல் பெய்யும். ஒருபக்கம் நட்சத்திரம் கட்ட வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டும், கேரல் பாட வருகிறவர்களுக்குக் காபி வைக்க வேண்டும். இன்னொரு பக்கம் தறி நிற்கக் கூடாது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயது மூத்தவள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகச் சேலை நெய்தால் கரைக்குக் குறுக்குநூல் கொண்டுபோகத் தனி நாடாக்கட்டை ஓட வேண்டும். அதைத் தள்ளிக் கொடுக்க மறுபக்கம் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அப்பாவுக்கு அந்த ஆள் அக்கா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளைத் தறியில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஓயாமல் பேசுவாள். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிரசங்கத்துக்கு முன்னால் மூன்று முறை இருமுவார், இரண்டாவது இருமல் மட்டும் கொஞ்சம் நீளம். அக்கா நாடாவைத் தள்ளிக்கொண்டே அதே மாதிரி இருமிக் காட்டுவாள். அப்பா சிரித்துச் சிரித்து மிதியைத் தப்பாக மிதிப்பார்.

அந்த வருஷம், கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற ஆகமன வாரங்களின் முதல் ஞாயிறு, ஐயர் மூன்று முறை இருமிவிட்டுச் சொன்னார். "இந்த மாசம் பூரா நம்ம சபையில முறுமுறுப்பே இருக்கக் கூடாது. இஸ்ரவேலர் வனாந்தரத்துல முறுமுறுத்தே நாப்பது வருஷத்தைக் கழிச்சாங்க. நாம அப்படி இருக்க வேணாம். வருஷக் கடைசிக்குள்ள ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். கடைசி நாள் ஆராதனையில கொண்டாந்து ஆண்டவர் பாதத்துல வைப்போம்."

அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பண்டிகை வந்தாலே ஜனங்கள் விலைவாசியையும் மழையையும் மாமியாரையும் திட்டிக்கொண்டே அலைகிறார்களே, கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தார். மற்றவர்கள் அதைக் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். ஒருசில வீடுகளில் நோட்டில் கோடு போட்டார்கள். அம்மா மட்டும் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுத வராது. அதனால் கழிவுப் பட்டுநூல் கூடையிலிருந்து அரக்கு நிற நூலை எடுத்து, நாலைந்து இழையாக முறுக்கி, நீளமாகச் சேர்த்து, இயேசு படம் மாட்டியிருந்த ஆணியில் கட்டினாள். ஒரு ஸ்தோத்திரத்துக்கு ஒரு முடிச்சு. காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். யாராவது முறுமுறுத்தால் பத்து முடிச்சு அவிழும்.

"ஊரே நூல்ல முடிச்சு விழக் கூடாதுன்னு உயிரை விடுது. இவ முடிச்சு போடறதுக்குன்னே நூலு கட்டறா" என்றார் அப்பா.

"இது முறுமுறுப்பு" என்று அம்மா பத்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். அப்போது நூலில் மொத்தமே ஏழு முடிச்சுதான் இருந்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டுத் தப்பித்தார்.

முதல் இரண்டு வாரம் எங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம், உண்மையாகவே. நானும் அக்காவும் போட்டி போட்டு நன்றி தேடினோம். மழை நின்றதற்கு, மழை வந்து பள்ளிக்கூடம் மூடியதற்கு, பல்லி என் தலையில் விழாமல் பக்கத்தில் விழுந்ததற்கு, அப்பா குறட்டை விடாததற்கு. எதிர்வீட்டு அத்தை வேடிக்கை பார்க்க வந்தாள். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை, கணவரும் இரண்டு மகன்களும் நெசவு. நூலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆயிரமா? எங்காளுக்கு நூத்தியெட்டு போதும்பா. உங்காளு ரொம்பக் கறாரு" என்றாள். அம்மாவே சிரித்துவிட்டாள். அத்தை சொன்னதற்கும் ஒரு முடிச்சு போட்டோம்.

சட்டம் போகப் போகக் கெட்டியானது. கொசு கடிக்கிறது என்று சொல்லக் கூடாது, பசிக்கிறது என்று சொல்லக் கூடாது, குளிர்கிறது என்று சொல்லக் கூடாது. ஒருநாள் அக்கா கேட்டாள்.

"ஏம்மா, 'கொசு கடிக்குது, ஸ்தோத்திரம்'னு சொல்லலாமா?"

அம்மா நிஜமாகவே யோசித்தாள். பிறகு, "கடைசி வார்த்தையை மட்டும் சொல்லு" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது நடந்தாலும் ஸ்தோத்திரம்தான். நான் இரவல் வாங்கிய பென்சிலைத் தொலைத்தால் ஸ்தோத்திரம். சோறு குழைந்தால் ஸ்தோத்திரம். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பதினைந்து விதமாகச் சொல்லப் பழகியிருந்தாள், எதைச் சொல்கிறாள் என்று குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. யார் முறுமுறுக்கிறார்கள் என்று கவனித்து அம்மாவிடம் போய்ச் சொல்வது. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. ஆயிரம் முடிச்சு சேர்ந்தால் ஐயர் எங்கள் குடும்பத்தைத்தான் முதலில் கூப்பிடுவார் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அந்த வயதில் எனக்கு அது பெரிய ஆசை.

கிறிஸ்மஸுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அம்மா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். உட்கார்ந்தே இருந்தால் வயிறு பிடிக்கத்தான் செய்யும் என்றாள். அக்கா ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லித் தறிக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் நான் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். வலதுபக்க அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். மூக்கின் மேல் வேர்வை.

"முடியலடி. ரொம்ப வலிக்குதுடி. செத்துப் போயிடலாம் போல இருக்குது" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே அடுப்படிக்கு ஓடி, "அம்மா, அக்கா முறுமுறுக்கறா" என்றேன்.

அக்காவுக்கு வலிக்கிறது என்று சொல்லவில்லை. முறுமுறுக்கிறாள் என்று சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வார்த்தையின் ருசி இன்னும் என் வாயில் இருக்கிறது.

அம்மா மாவுக் கையோடு வந்தாள். "என்னாடி சொன்னே?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்து நின்று பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணும் இல்லம்மா. சும்மா வெளாட்டுக்கு."

"வலிக்குதா?"

"இல்லம்மா. ஸ்தோத்திரம்."

அம்மா உள்ளே போய்ப் பத்து முடிச்சை அவிழ்த்தாள். பட்டில் விழுந்த முடிச்சை அவிழ்ப்பது லேசில்லை. ஊசியால் நெம்பி, பல்லால் கடித்து இழுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அக்கா பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஒரே மூச்சில் பத்து நன்றி சொல்லி அத்தனை முடிச்சையும் அவளே திரும்பப் போட்டாள். என்னென்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. என் பெயரையும் ஒரு நன்றியாகச் சொன்னாள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலத்துக்குள் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கடையில் கொடுக்க வேண்டும். பண்டிகை கழிந்த மறுநாள் கல்யாண வீட்டார் வந்து எடுத்துப் போகிறார்களாம். காலையிலிருந்து அப்பா தலை நிமிரவில்லை. அடுப்பில் அதிரசம் வெந்துகொண்டிருந்தது, வெல்ல வாசனை தறி வரைக்கும் வந்தது. அக்காவின் கையிலிருந்து நாடா மூன்று முறை கீழே விழுந்தது.

"இன்னாம்மா, தூங்கறியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஸ்தோத்திரம்ப்பா."

அப்பா சிரித்தார். அவருக்கு அது வேடிக்கையாகத்தான் கேட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும், அது வேறு ஸ்தோத்திரம். ஆனால் நான் பேசவில்லை. இன்னொரு முறை சொன்னால் இன்னும் பத்து முடிச்சு போய்விடும் என்று பயந்தேன்.

எதிர்வீட்டு அத்தை வாழையிலை கொடுக்க வந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்துபோன அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னாம்மா இது, பொண்ணு இப்படிக் குனிஞ்சிக்கினே நடக்குது? பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போம்மா."

"சூட்டு வலிக்கா. சரியா பூடும். ராத்திரி வெளக்கெண்ண தடவறேன்" என்றாள் அம்மா.

"நீ ஒண்ணு. பச்சப்புள்ள மாதிரி பேசாத. மூஞ்சியப் பாரு, வெளுத்து இருக்குது."

அப்பா தறியை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். "போலாமாம்மா? அஞ்சு நிமிஷம் சைக்கிள்ல ஒக்காருவியா?" என்றார். இன்னும் ஒரு முழம் நெய்ய வேண்டியிருந்தது. அக்கா அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "பண்டிகை முடியட்டும்ப்பா. ஒண்ணும் இல்ல" என்றாள். அப்பா சைக்கிள் நின்ற வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மிதியை மிதித்தார். தறிச் சத்தம் திரும்பவும் ஆரம்பித்ததை நான் கேட்டேன். அத்தை வாசற்படி வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அம்மா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். சுகம் தா என்று அவள் கேட்கவில்லை. கேட்பதும் குறை சொல்வதுதான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "என் பொண்ணுக்கு சுகம் குடுத்துட்டீரு, ஸ்தோத்திரம்" என்று நடந்து முடிந்தது போலவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். சேலையை அறுத்து மடித்து எடுத்துக்கொண்டு அப்பா கடைக்குப் போயிருந்தார். பாயில் சுருண்டிருந்த அக்கா திடீரென்று கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். மெதுவாகக் காலை நீட்டினாள்.

"அம்மா. வலி நின்னுடுச்சிம்மா."

"இன்னாடி சொல்றே?"

"சுத்தமா இல்லம்மா. அப்படியே போயிடுச்சி."

அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் ஓடிப்போய் இருவரையும் கட்டிக்கொண்டேன். எண்ணெய் வாசனையும் வெல்ல வாசனையும் அம்மாவின் வேர்வையும் கலந்த அந்த மூச்சு இன்றைக்கும் எனக்கு வரும். என் வாழ்க்கையில் கர்த்தர் ஒரு வீட்டுக்குள் வந்து நின்றதாக நான் நம்பியது அன்று ஒருநாள்தான். அப்பா வந்ததும் வாசலிலேயே அவருக்குச் சொன்னோம். சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூடத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டார், அது சரிந்து விழுந்தது.

கிறிஸ்மஸ் காலை. அக்காவுக்கு அன்றுதான் முதல் தாவணி. சேலைகளில் மிஞ்சிய நூலைச் சேர்த்து அப்பா யாருக்கும் தெரியாமல் எதிர்வீட்டுத் தறியில் மயில்கழுத்து நிறத்தில் அவளுக்கு ஒரு பட்டுப் பாவாடை நெய்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் முதன்முதலாகப் பட்டுக் கட்டிய பெண் அவள்தான். விடியற்காலை ஆராதனையில் அவள் முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. கண் இரண்டும் மின்னின. தேவதை மாதிரி இருக்கிறாள் என்று ஐயரம்மா சொன்னார்கள். அது காய்ச்சலின் சிவப்பு என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நன்றி சொல்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று ஐயர் சொன்னதும் அம்மா எழுந்தாள். கூட்டத்தில் பேசியே அறியாதவள். "நேத்து சாயந்தரம் என் பொண்ணோட வலியை ஆண்டவர் எடுத்துப் போட்டாரு" என்றாள். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருமக்கூட மறந்துவிட்டார். அக்கா என் காதில், "பாத்தியா, இருமலும் குணமாயிடுச்சி" என்றாள். நான் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதிரசத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள்தான் தெருவில் வீடு வீடாகப் போனாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோலத்தை மிதிக்காமல் நடந்தாள். "மாப்ள பாத்துடலாமா?" என்று கிண்டல் செய்தார்கள். எதிர்வீட்டு அத்தை அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். திரும்பி வரும்போது அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டாள். "நீ கோள் சொன்னதுக்கு மன்னிச்சிட்டேன் போ" என்றாள். அவள் கை சூடாக இருந்தது. அதைப் போல ஒரு கிறிஸ்மஸ் எனக்கு அப்புறம் வரவில்லை. பிள்ளை பெற்றேன், பேரன் எடுத்தேன், நீங்கள் பார்க்கிறபடி நட்சத்திரமும் கேக்கும் ஒரு குறைவில்லாமல் நடக்கின்றன. அந்தக் காலையின் சந்தோஷத்தில் கால்பங்குகூட இல்லை.

மத்தியானம் அவளுக்குக் குளிர் எடுத்தது. அதை அவள் சொல்லவில்லை. பட்டுப் பாவாடையோடு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். மறுநாள் காலையில் வயிறு பலகையாக இருந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. எதிர்வீட்டு அத்தையின் மகன் ரிக்‌ஷா பிடித்து வந்தான். என்னை அத்தையின் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பெரியாஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்து பார்த்தார்களாம். இருபத்தேழாம் தேதி விடிவதற்குள் அவள் போய்விட்டாள். அத்தை என்னை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை போடாத வாயோடு உட்கார்ந்திருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஐயரால் ஜெபத்தை முடிக்க முடியவில்லை. அந்த நூலை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இயேசு படம் மட்டும் அதே ஆணியில் இருந்தது. நூல் எங்கே என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

வருஷக் கடைசி ஆராதனைக்கு நாங்கள் வர மாட்டோம் என்றுதான் சபை நினைத்தது. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். ஐயர் எங்கள் பெஞ்சுப் பக்கம் பார்க்கவே பயந்தார். அம்மா எழுந்து நின்றாள். "கடைசியா என் பொண்ணுக்கு வலி இல்லாம ஒரு கிறிஸ்மஸ் குடுத்தாரு. அவ சிரிச்சிக்கினே பண்டிகை கொண்டாடினா. ஸ்தோத்திரம்" என்றாள். சபையில் அழாதவர்கள் இல்லை. அப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். இப்படி ஒரு விசுவாசமா என்று ஊர் ஊராகப் பேசினார்கள். ஐயர் மாற்றலாகிப் போன இடத்திலும் அதைப் பிரசங்கமாகச் சொன்னாராம். அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அம்மா எழுந்து நின்று அதே நாலு வார்த்தையைச் சொன்னாள். ஐயர்கள் மாறினார்கள், பெஞ்சு மாறியது. அவள் சொல்வது மாறவில்லை.

எனக்குக் கல்யாணமாகி மகன் பிறந்து அவனுக்குப் பத்து வயது நடக்கும்போது ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். நான் செருப்புக்கூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடல்வால் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். உடனே அறுவைச் சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டான். மறுநாள் அவர் சாதாரணமாகச் சொன்னார். "நல்ல வேளை, வலி இருக்கும்போதே கொண்டாந்துட்டீங்கம்மா. சில பேருக்கு வலி திடீர்னு நின்னுடும். சரியாயிடுச்சின்னு சந்தோஷமா வீட்டுலயே இருந்துடுவாங்க. உள்ள அது உடைஞ்சதாலதான் நின்னிருக்கும்."

விளக்கு வைக்கிற நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்குக் காஞ்சிபுரம் போய்ச் சர்ச்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து நின்று, வலி இல்லாத ஒரு கிறிஸ்மஸ் என்றாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நானும் ஆமென் என்றேன். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன். எத்தனை வருஷம் அந்த ஆமென் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

அப்பா அதற்குள் போய்விட்டிருந்தார். அம்மாவுக்கு எண்பது தாண்டியது. கடைசியாகப் படுக்கையில் விழுந்தது ஒரு டிசம்பர் ஆரம்பத்தில், என் வீட்டில். ஒருநாள் பகலில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "இந்த வருஷம் சர்ச்சுக்கு எப்படிம்மா போவே?" என்று பேச்சுக்குக் கேட்டேன். அவள் கஞ்சியை விழுங்கிவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"ஒடைஞ்சதாலதான் வலி நின்னுச்சின்னு பெரியாஸ்பத்திரி டாக்டரு அன்னிக்கே சொல்ட்டாரு" என்றாள்.

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "இன்னாம்மா சொல்றே? உனக்குத் தெரியுமா?"

"எங்கிட்டதான் சொன்னாரு. உங்கப்பா வெளிய நின்னுக்கினு இருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சிருந்தா தறிக்குழியிலயே செத்துப் போயிருப்பாரு. ஒரு முழத்துக்காக ஒக்காந்திருந்த மனுஷன்."

"அதுக்காகவா எழுந்து நின்னு சொன்னே?"

"வேற இன்னா சொல்றது அவருக்கு?"

"அவர் போய் இத்தினி வருஷமாச்சே. அப்புறமும் ஏம்மா நின்னே?"

அம்மா போர்வை ஓரத்து நூலை விரலால் நெருடினாள். "நா நிக்கலன்னா அவளைப் பத்தி அந்த சர்ச்சுல யாரு பேசுவாங்க? பேரே இல்லாம பூடுவாளே" என்றாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நானும் சொன்னேன். பின்கட்டில் அவள் என்னிடம் வலிக்கிறது என்று அழுததையும், நான் அதை முறுமுறுப்பு என்று வந்து சொன்னதையும் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி அழுதேன். அம்மா கையைத் தூக்க முடியாமல் தூக்கி என் முழங்கையைத் தொட்டாள்.

"நீ வந்து சொன்னேடி. அந்த வீட்டுல நீ ஒருத்திதான் வந்து சொன்னே. நாந்தான் முடிச்ச அவுக்கப் போயிட்டேன்."

ஆறிப்போன கஞ்சியை நான் கொண்டுபோய்க் கொட்டினேன். பத்து நாளில் அம்மா போய்விட்டாள். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய் அக்காவின் பக்கத்தில் வைத்தோம்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு நான் அங்கேயே தங்கினேன், அதே சர்ச்சுக்குப் போனேன். உங்களில் யாரும் அங்கே இல்லை, அதனால்தான் இதை எழுத முடிகிறது. நன்றி சொல்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் புது ஐயர். எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் நாலு வார்த்தையை மகளாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். நானும் சொல்லத்தான் எழுந்தேன். வாய் திறந்ததும் வேறு வந்துவிட்டது. "எங்க அக்காவுக்கு ரொம்ப வலிச்சிது" என்றேன். சபை காத்திருந்தது, ஆமென் சொல்வதற்கு இன்னும் ஏதாவது வரும் என்று. வேறு எதுவும் வரவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.